சீரியலை வரலாற்றுச் சான்றாக வைக்கலாமா?

கேள்வி: நான் முதுகலை வரலாறு படிக்கிறேன். 1984-இல் தொடங்கி, தொலைக்காட்சித் தொடர்களில் அந்தந்தக் காலத்துச் சமூகமும் அரசியலும் எப்படித் தெரிகின்றன என்று ஆய்வேடு எழுத ஆசை. என் வழிகாட்டியோ, 'சீரியல் வெறும் பொழுதுபோக்கு, அதைச் சான்று என்று கொண்டுபோனால் வாய்மொழித் தேர்வில் நிற்க முடியாது' என்கிறார். துறையில் இன்னொரு பேராசிரியர், 'ராமாயணம் வந்தது, பாஜக வளர்ந்தது, அதை எழுது, போதும்' என்கிறார். வீட்டில் அம்மாவிடம் சொன்னால், 'நாடகத்தை நாடகமாகப் பார்க்கத் தெரியாதா உனக்கு' என்று சிரிக்கிறார். மூவரில் யார் சொல்வது சரி? எந்தத் தொடரை எடுப்பது, எப்படிப் பார்ப்பது?
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

மூவரில் என் ஓட்டு உங்கள் அம்மாவுக்கு. 'நாடகம்தானே' என்று சொல்லிக்கொண்டே நேரம் தவறாமல் அதன் முன் உட்காருகிறவர்களைப் பற்றித்தான் நீங்கள் எழுதப் போகிறீர்கள். அந்தச் சிரிப்பை ஆய்வேட்டுக்கு வெளியே விட்டுவிடாதீர்கள். வழிகாட்டி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நான் அதிகம் சந்தேகப்படுவது அந்த இன்னொரு பேராசிரியரின் ஒற்றை வரியைத்தான். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

'தொடர்கள் சமூகத்தைப் பிரதிபலிக்கின்றன' என்ற வாக்கியத்தோடு ஆய்வேட்டைத் தொடங்காதீர்கள். என்னிடம் திருத்தத்துக்கு வரும் ஏடுகளில் பல அந்த வாக்கியத்திலேயே வழுக்கி விழுகின்றன. கதையில் வரதட்சணை வந்தது, ஊரில் வரதட்சணை இருந்தது, எனவே பிரதிபலித்தது என்று அறுபது பக்கம் நிரப்பிவிடலாம். ஆனால் நாட்டில் வரதட்சணை இருந்தது என்று தெரிந்துகொள்ள யாருக்கும் சீரியல் தேவையில்லை. காவல் நிலையக் குறிப்பேடும் நீதிமன்றத் தீர்ப்பும் அதை இன்னும் தெளிவாகச் சொல்லும்.

சீரியல் வேறொன்றைச் சொல்லும். ஒரு தொடர் திரைக்கு வர நான்கு தரப்பு ஒத்துக்கொள்ள வேண்டும்: அனுமதி தருகிறவர், பணம் போடுகிறவர், எழுதி எடுக்கிறவர், உட்கார்ந்து பார்க்கிறவர். இந்த நால்வரின் விருப்பமும் ஒன்றாக இருந்ததே இல்லை. அவர்களுக்குள் நடந்த பேரத்தில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், யார் எதைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்பதில்தான் காலத்தின் அரசியல் இருக்கிறது. கதைச் சுருக்கம் எழுதுவதை விட்டுவிட்டு இந்தப் பேரத்தைத் தேடினால் உங்கள் வழிகாட்டியும் மறுக்க மாட்டார். ஏனென்றால் அதற்கான சான்றுகள் அவருக்குப் பழக்கமான வகையைச் சேர்ந்தவை: அமைச்சக முடிவுகள், குழு அறிக்கைகள், நீதிமன்ற வழக்குகள், பத்திரிகைச் செய்திகள், வாசகர் கடிதங்கள்.

நீங்கள் 1984 என்று தொடங்கியது நல்ல முடிவு. அந்த ஆண்டு ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியது. ஒரு வட இந்தியக் கீழ் நடுத்தரக் குடும்பம். குடிகாரத் தந்தை, எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் தாய் பாகவந்தி, வேலையில்லாத மகன், நடிகையாகத் துடிக்கும் ஒரு மகள், டாக்டராக விரும்பும் கடைசி மகள். எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து, அன்றைய கதையைத் தொட்டு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்.

இது முதலில் யாருடைய ஆசை என்று பாருங்கள். மெக்சிகோவில் மிகேல் சபிடோ என்ற தயாரிப்பாளர், குடும்பக் கட்டுப்பாடு, முதியோர் கல்வி போன்ற செய்திகளை நெடுந்தொடர்களின் கதைக்குள் வைத்து வெற்றி கண்டிருந்தார். அந்நாட்டுக்குப் போய் அதைப் பார்த்துவந்த தகவல் ஒலிபரப்பு அமைச்சர் வசந்த் சாத்தே, இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்றார். காங்கிரஸ் 1977-இல் ஆட்சியை இழந்ததற்கு நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையும் ஒரு காரணம். அதே கட்சியின் அரசு ஏழாண்டு கழித்து அதே செய்தியைக் கதையாகச் சொல்லிப் பார்க்க முனைகிறது. முகாமுக்கு இழுத்துப்போனவர்கள் இப்போது வரவேற்பறைக்கு வந்து பேசுகிறார்கள். ஒரு காலம் இன்னொரு காலமாக மாறியதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் சான்று அரிது.

அடுத்து பணம். தயாரிப்புச் செலவுக்கு ஒரு விளம்பரதாரர் தேவைப்பட்டார். அப்போதுதான் இந்தியச் சந்தைக்கு வந்திருந்த மேகி நூடுல்ஸ் முன்வந்தது. பிள்ளை பெறுவதைக் குறைக்கச் சொல்லும் அரசும், பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடத்தில் பலகாரம் செய்யச் சொல்லும் நிறுவனமும் ஒரே அரை மணி நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டன. நூடுல்ஸ் விற்றது. தூர்தர்ஷனில் விளம்பரதாரர் தொடர்களின் காலம் அங்கேதான் பிறந்தது. இந்தியாவில் தாராளமயம் 1991-இல் தொடங்கியது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். தொலைக்காட்சியில் அது ஏழாண்டு முன்பே தொடங்கிவிட்டது என்று நான் வாதிடுவேன். நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் ஒரு அத்தியாயத்துக்கு இது நல்ல கேள்வி.

பார்வையாளர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் சுவையான பகுதி. ஆரம்பப் பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டு உபதேசம் தூக்கலாக இருந்தது, ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. சில வாரங்களிலேயே உபதேசத்தைக் குறைத்துக் கதையைக் கூட்ட வேண்டியதாயிற்று. அரசு வைத்த நிபந்தனையை, சானலை மாற்றக்கூட வழியில்லாத பார்வையாளர்கள் கொட்டாவி விட்டே தளர்த்திவிட்டார்கள். பிறகு கடிதங்கள் குவிந்தன; ஏறக்குறைய நான்கு லட்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். தொடரின் தாக்கத்தைக் கள ஆய்வு செய்த அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் இருவரும் ஒரு விசித்திரத்தைப் பதிவுசெய்தார்கள். 'இப்படி அடங்கிப்போகக் கூடாது' என்பதற்காகப் படைக்கப்பட்ட பாகவந்தியை, 'பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்று எடுத்துக்கொண்ட பார்வையாளர்கள் கணிசமாக இருந்தார்கள். உங்கள் அம்மா சிரித்தது இதைத்தான். எழுதியவரின் நோக்கத்தை வைத்து அந்தக் காலத்து மக்களின் மனதைக் கணக்கிட்டுவிட முடியாது.

இனி ராமாயணம். ராமானந்த் சாகரின் தொடர் 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிறு காலைகளில் வந்தது. 52 வாரம் என்று தொடங்கியது 78 வாரமாக நீண்டது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டு, சூடம் காட்டிவிட்டுப் பார்த்த வீடுகள் வடக்கே ஏராளம். தெற்கேயும் இல்லாமல் இல்லை.

'ராமாயணம் வந்தது, பாஜக வளர்ந்தது' என்பதற்கு ஆதாரமாக எண்களைக் காட்டுவார்கள். மக்களவையில் 1984-இல் 2 இடம், 1989-இல் 85, 1991-இல் 120. சீதையாக நடித்த தீபிகா சிக்லியா பரோடாவிலும், ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி சபர்கந்தாவிலும் 1991-இல் பாஜக உறுப்பினர்களாக வென்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அதற்கு முன் 1988-இல் அலகாபாத்தில் நடந்த இடைத்தேர்தலையும் பக்கத்தில் வையுங்கள். தொடர் உச்சத்தில் இருந்த நேரம். ராமராக நடித்த அருண் கோவில் அங்கே போய் வாக்குக் கேட்டார். யாருக்கு? காங்கிரஸுக்கு. ராமரே வந்து கேட்டும் அந்தத் தொகுதி, சுயேச்சையாக நின்ற வி.பி. சிங்கைத்தான் தேர்ந்தெடுத்தது. அதே அருண் கோவில் 2024-இல் மீரட்டில் பாஜக வேட்பாளராக நின்று வென்றார். ஒரே நடிகர், ஒரே வேடத்தின் புகழ். நடுவில் 36 ஆண்டுகளில் மாறியவை கட்சிகளும் இயக்கங்களும்தான்.

இந்தத் தொடருக்கு அனுமதி கொடுத்தது ராஜீவ் காந்தி அரசு என்பதையும் மறக்க வேண்டாம். மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணின் ஜீவனாம்சம் பற்றிய ஷா பானு வழக்கின் கொந்தளிப்பு, 1986 பிப்ரவரியில் அயோத்தியில் பாபர் மசூதி வளாகத்தின் பூட்டுத் திறப்பு, 1989 தேர்தலுக்கு ஃபைசாபாதிலிருந்து 'ராமராஜ்யம்' என்ற வாக்குறுதியோடு ராஜீவ் பிரசாரம் தொடங்கியது, எல்லாவற்றையும் ஒரு வரிசையில் வைத்தால், ராமரைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள இரண்டு கட்சிகள் போட்டி போட்டது தெரியும். தொடர் அந்தப் போட்டி நடந்த மைதானங்களில் ஒன்று. ஊடக ஆய்வாளர் அரவிந்த் ராஜகோபால் இந்தத் தொடரையும் ராமஜென்மபூமி இயக்கத்தையும் சேர்த்து எழுதிய ஆய்வைக் கட்டாயம் படியுங்கள். நாடெங்கும் பலரை ஒரே நேரத்தில் ஒரே கதையின் முன் உட்காரவைத்த ஊடகம் புதுவகை அரசியலுக்கு என்ன வாய்ப்பைத் திறந்துவிட்டது என்று கேட்கிறார் அவர். அது 'டிவி பார்த்து ஓட்டுப் போட்டார்கள்' என்பதிலிருந்து வெகுதூரம். நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். தொடரை இங்கேயும் பார்த்தார்கள். 1991-இல் தமிழ்நாட்டிலிருந்து பாஜகவுக்கு ஒரு மக்களவை இடமும் கிடைக்கவில்லை.

ராமாயணத்தில் பார்வையாளர் பேரமும் உண்டு, அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பட்டாபிஷேகத்தோடு முடித்துக்கொள்ளத் தயாரிப்பாளர் நினைத்தார். ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது வட இந்திய நகரங்கள் சிலவற்றுக்கும் பரவியது. தங்களை வால்மீகியின் வழியினராகக் கருதும் சமூகத்தினர் அவர்கள். வால்மீகியே பாத்திரமாக வருகிற உத்தர காண்டம் இல்லாமல் கதையை எப்படி முடிக்கலாம் என்பது அவர்கள் கேள்வி. குப்பை குவிந்தது, அரசு இறங்கிவந்தது, உத்தர ராமாயணம் வந்தது. ஊரின் அழுக்கைச் சுமக்கும்படி விடப்பட்டவர்கள் தேசியத் தொலைக்காட்சியில் தங்கள் முன்னோருக்கு இடம் கேட்டு வென்ற கதை இது. தொடரின் 'உள்ளடக்கத்தை' மட்டும் குறிப்பெடுத்தால் இது உங்கள் கண்ணில் படவே படாது.

எல்லாக் காலத்திலும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத குரல்கள் ஒன்றாகவே பேசும். 1988 ஜனவரியைப் பாருங்கள். ஞாயிறு காலைகளில் ராமாயணம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே மாதம், அதே தூர்தர்ஷன், இரவில் கோவிந்த் நிஹலானியின் 'தமஸ்' தொடரைக் காட்டுகிறது. பீஷ்ம சாஹ்னியின் நாவல்; பிரிவினைக்கு முந்தைய பஞ்சாப். மசூதி வாசலில் போடப்பட்ட ஒரு பன்றியின் உடலிலிருந்து கலவரம் கிளம்புகிறது. அந்தப் பன்றியை ஏதோ வேறு காரியத்துக்கென்று நம்பிக் கொன்றுகொடுத்த ஏழைத் தொழிலாளி, தன் கை செய்ததை அறிந்து நடுங்குகிறான். மதவெறியை மேலே இருப்பவர்கள் தயாரிக்கிறார்கள் என்று அரசின் தொலைக்காட்சியே சொல்கிறது. தடைகோரி வழக்கு வந்தது. பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் தொடரைப் போட்டுப் பார்த்துவிட்டு, காட்டலாம் என்றார்கள். உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒரு தொடர் அதன் காலத்தில் எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்று நீதிபதிகளே எழுதிவைத்த தீர்ப்பு ஒன்று உங்களுக்குக் கிடைக்கிறது. இப்படி ஒரு ஆவணம் வாய்மொழித் தேர்வில் எவர் கேள்விக்கும் பதில் சொல்லும்.

அந்த ஜனவரியில் தமிழ்நாடு என்ன செய்துகொண்டிருந்தது? எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று மறைந்திருந்தார். ஜானகி ராமச்சந்திரன் முதல்வரானார். ஜனவரி 28-இல் நம்பிக்கை வாக்கெடுப்பின்போது சட்டமன்றத்தில் அடிதடி. ஜனவரி 30-இல் ஆட்சி கலைப்பு. ஒரு தமிழ்க் குடும்பத்தின் முன்கூடத்தில் அந்த மாதம் ராமரும், பிரிவினைக் கலவரமும், கோட்டையில் நடந்த அடிதடியின் செய்தியும் ஒரே பெட்டி வழியாக வந்து இறங்கின. மூன்றில் எதைப் பற்றி அந்த வீட்டில் பேசிக்கொண்டார்கள்? இதைக் கேட்டுப் பதில் வாங்க இன்னும் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போவது உங்கள் வேலை.

தமிழ்நாட்டை வைத்தே இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் 1988 அக்டோபர் 2 அன்று தொடங்கி 1990 வரை வந்தது. அதன் வசனத்தை எழுதியவர் ராஹி மாசூம் ரஸா என்ற முஸ்லிம் எழுத்தாளர் என்பதை ஒரு வரியாவது குறிப்பிடுங்கள்; அந்தக் காலத்தைப் பற்றி அதுவும் ஒரு செய்தி. திரௌபதி துகிலுரியப்படும் காட்சியை டெல்லியின் நடுத்தர வர்க்கப் பெண்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று மானிடவியலாளர் பூர்ணிமா மங்கேகர் வீடுவீடாக உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார். பலர் அதைப் புராணமாகப் பேசவில்லை. தங்கள் புகுந்த வீட்டைப் பற்றி, தெருவில் நடந்துபோவதைப் பற்றிப் பேசினார்கள்.

இப்போது 1989 மார்ச் 25. தமிழகச் சட்டமன்றத்தில் பட்ஜெட் நாளில் அமளி. தன் சேலை இழுக்கப்பட்டதாக எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா குற்றம்சாட்டினார். திமுக தரப்பு மறுத்தது. அதிமுக ஆதரவாளர்கள் அவரைப் பாஞ்சாலியோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். மகாபாரதத் தொடர் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. 'தொலைக்காட்சித் திரௌபதிதான் தமிழக அரசியலுக்கு இந்த உவமையைக் கொடுத்தது' என்று எழுத எவருக்கும் கை துறுதுறுக்கும். எழுதிவிடாதீர்கள். வாரம் ஒரு பகுதியாக வந்த தொடரில் சூதாட்ட மண்டபம் வருவதற்கு அப்போது இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதைவிடப் பெரிய காரணம், பாஞ்சாலியை நமக்கு அறிமுகப்படுத்த தூர்தர்ஷன் வர வேண்டியிருக்கவில்லை. திரௌபதி அம்மன் கோயில் தீமிதியும், விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தும், பாரதியும் அந்த வேலையை எப்போதோ முடித்துவிட்டார்கள். ஒரே காலத்தில் நடந்தவை எல்லாம் ஒன்றால் ஒன்று நடந்தவை ஆகிவிடாது. தேதிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது வரலாற்று மாணவிக்குக் கைவந்த கலைதானே. ஊடகத் துறைக்காரர்களாகிய எங்களுக்குத்தான் அது அடிக்கடி மறந்துபோகிறது.

மொழி விஷயத்தையும் தனியாகக் கவனிக்க வேண்டும். இதுவரை நான் சொன்ன தொடர்கள் எல்லாம் ஹிந்தியில் வந்தவை. இரவு எட்டரை மணிக்கு மேல் டெல்லியின் தேசிய ஒளிபரப்பு வந்துவிட்டால் சென்னை நிலையத்தின் தமிழ் ஓய்ந்துவிடும். ஹிந்தி எதிர்ப்பில் வளர்ந்த ஒரு மாநிலம், வசனம் புரியாமலே, படத்தைப் பார்த்தும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டும் 'தேசிய' நாடகங்களைத் தொடர்ந்தது. பிற்பாடு ஹிந்தித் தொடர்கள் தமிழ்க் குரலோடு வந்தபோது, உதட்டசைவுக்காக வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிய அந்தத் தமிழை, அப்படி வந்த 'ஜுனூன்' என்ற தொடரின் பெயரால் 'ஜுனூன் தமிழ்' என்று ஊரே கேலிசெய்தது. கேலியும் அரசியல் எதிர்வினைதான். தூர்தர்ஷனின் திரைப்பாடல் நிகழ்ச்சியான 'ஒளியும் ஒலியும்' பார்க்க வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்த வீடுகளுக்குச் சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று வந்தபோது கிடைத்த வரவேற்பை இந்தப் பின்னணி இல்லாமல் விளக்க முடியாது.

அதன்பின் வந்த தமிழ் மெகா சீரியல்களை நீங்கள் ஒரே அத்தியாயத்தில் அடக்கிவிடலாம். 1999 டிசம்பரில் தொடங்கிய 'சித்தி', ஐந்து பெண்களைக் கரைசேர்க்கும் தகப்பனைப் பற்றிய 'மெட்டி ஒலி', 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்'. இவற்றை இகழ்ச்சியாகப் பார்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தமிழ் சினிமாவில் நாயகி மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சீரியல் நாயகி கடன் கணக்குப் பார்த்தாள், கட்டடத் தொழில் நடத்தினாள், கணவனை விட்டுப் பிரிந்து வந்தாள். சம்பாதிக்கும் மகளை வைத்து ஒரு வீடு என்னென்ன கணக்குப் போடும் என்பதைக் 'கோலங்கள்' அளவுக்கு விரித்துக் காட்டிய தமிழ்ப் படம் என் நினைவில் இல்லை.

அவற்றில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது சாதியைப் பற்றிய மௌனம். பெண் பார்க்கிறார்கள், நிச்சயம் செய்கிறார்கள், கல்யாணம் நிற்கிறது, ஓடிப்போகிறார்கள்; இத்தனையும் சாதிப் பெயரே இல்லாமல் நடந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு கல்யாணம் நடந்து நாம் யாராவது பார்த்திருக்கிறோமா? இந்த மௌனத்தை 'யதார்த்தம் இல்லை' என்று ஒதுக்காதீர்கள். பணம் போட்டவருக்கு எல்லாச் சாதி வீட்டிலும் சோப்பு விற்க வேண்டும். முக்கியச் சானல்கள் அரசியல் குடும்பங்களுக்கும் கட்சிகளுக்கும் நெருக்கமானவை. எல்லாச் சாதி ஓட்டும் வேண்டும். பார்க்கிறவருக்கு, திரையில் இருப்பது தன் வீடுதான் என்று நினைத்துக்கொள்ளும் வசதி வேண்டும். மூவருக்கும் ஒத்துவந்த பேரத்தின் பெயர்தான் அந்த மௌனம். 2006 தேர்தலில் திமுக இலவச வண்ணத் தொலைக்காட்சி தருவதாக வாக்களித்து, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கொடுத்தது. அதுவரை ஊராட்சி டிவி முன்னாலும் மற்றவர் வீட்டுத் திண்ணையிலும் நின்று பார்த்தவர்கள் தங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். பார்வையாளர் கூட்டம் மாறியது. கதைகளில் அதற்கேற்ப எது மாறியது, எது மாறவில்லை? உங்கள் ஆய்வேட்டில் இதுவரை யாரும் ஒழுங்காக உழாத நிலம் இதுதான் என்பது என் எண்ணம்.

அண்மைக்கால உதாரணம் ஒன்று வேண்டுமென்றால் 'எதிர்நீச்சல்'. பெண்களை அடக்கியாளும் ஆதி குணசேகரன் வெறுக்கப்பட வேண்டியவனாகத்தான் படைக்கப்பட்டான். மறைந்த மாரிமுத்துவின் நடிப்பில் அவன் தமிழகத்தின் செல்ல வில்லனாகிவிட்டான். அவன் அதட்டலை ஆண்களும் பெண்களும் ரசித்துத் திரும்பச் சொன்னார்கள். நாற்பது ஆண்டுக்கு முன் பாகவந்தியிடம் ஆய்வாளர்கள் கண்ட விசித்திரத்தை இங்கே வைத்துப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். பிரசார் பாரதி ஆவணக் காப்பகம் பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சிகள் பலவற்றை யூடியூபில் ஏற்றியிருக்கிறது. ஆனால் இப்படி இணையத்தில் கிடைக்கும் பழைய பிரதிகளில் பொதுவாக விளம்பரங்கள் இருக்காது, முன்னும் பின்னும் வந்த செய்திகள் இருக்காது. அந்தப் பாதியைப் பழைய நாளிதழ்களின் நிகழ்ச்சி நிரலிலும், வார இதழ்களின் விமர்சனங்களிலும், வாசகர் கடிதங்களிலும் தேடி எடுக்க வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் கட்டிவைத்த தொகுதிகளை முதலில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு நடை போய்வரலாம். ஹம் லோக் பற்றி எழுதினால், 1984 நவம்பரில் வந்த பகுதிகளைப் பற்றிக் கிடைப்பதை எல்லாம் சேருங்கள். இந்திரா காந்தி கொல்லப்பட்டு, டெல்லியில் சீக்கியர்கள் கொன்று குவிக்கப்பட்ட அந்த வாரங்களில், தலைநகரிலிருந்து ஒளிபரப்பான ஒரு குடும்பக் கதை எதைப் பேசியது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

நேர்காணலுக்குப் போகும்போது 'ராமாயணம் பார்த்தீர்களா, எப்படி இருந்தது' என்று தொடங்கினால், தெருவில் ஈ காக்கை இருக்காது என்ற ஒரே பதிலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்து எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிட்ட வரி. பெட்டி யார் வீட்டில் இருந்தது, யார் உள்ளே உட்கார்ந்தார்கள், யார் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள், யார் அணைக்கச் சொன்னார்கள், அந்த நேரத்தில் சமையலை யார் செய்தார்கள் என்று கேளுங்கள். உட்கார்ந்த இடத்தைக் கேட்டால் சாதி தானாக வெளியே வரும். முதல் நேர்காணலை உங்கள் அம்மாவிடமே வைத்துக்கொள்ளுங்கள். சிரித்த காரணத்தையும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக அளவு. 1984 முதல் இன்றுவரை என்பது முதுகலை ஆய்வேட்டுக்கு மிகப் பெரிய பரப்பு. முனைவர் பட்டத்துக்கே அதிகம். 1984 முதல் 1990 வரை என்று சுருக்கி, ஹம் லோக், ராமாயணம், தமஸ் மூன்றை மட்டும் எடுங்கள். இல்லையென்றால் ஹிந்தியை முழுவதும் விட்டுவிட்டு, 2006-க்கு முன்னும் பின்னும் இரண்டு தமிழ்த் தொடர்களை எடுங்கள். இரண்டாவதைத் தேர்ந்தால் களப்பணி அதிகம், மேற்கோள் காட்ட முன்னோர் எழுதியது குறைவு; ஆனால் உங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகாமலே முடித்துவிடலாம். உங்கள் வழிகாட்டியிடம் தலைப்பை மாற்றுவது பற்றிப் பேசப் போகும்போது தமஸ் வழக்கின் தீர்ப்பை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். 'சீரியல் சான்றாகுமா' என்ற விவாதத்தை அங்கிருந்து தொடங்குவது உங்களுக்குச் சாதகம்.